முப்பத்தேழு நாற்காலிகள்

ஜட்லாந்தில் எங்கள் ஊர் மன்றத்துக்கு முப்பத்தேழு நாற்காலிகள். வியாழன்தோறும் நாங்கள் பாடக் கூடுவதற்கு முன் அவற்றை வரிசையாகப் போடுவது தோர்கிலின் வேலை. அவருக்கு வரிசைகள் சமமாக இருக்க வேண்டும். முப்பத்தேழோ எதற்கும் மீதியின்றி வகுபடாத பிடிவாதக்கார எண். ஐந்தைந்தாக ஏழு வரிசை போட்டால் இரண்டு மிஞ்சும். அந்த இரண்டையும் கடைசியில், கோட்டு மாட்டும் இடத்துக்கருகே போட்டு அவரும் மனைவி ராக்னாவும் உட்கார்ந்து பாடுவார்கள்.

ராக்னா இறந்த பிறகு அவர் ஆறாறாகப் போட ஆரம்பித்தார். ஒன்றுதான் மிஞ்சியது. ஏன் மாற்றினார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இந்தக் குளிர்காலத்தில் மன்றத் தலைவி போடில் மூன்று நாற்காலிகள் வாங்கி வந்தாள்.

"எட்டெட்டா அஞ்சு வரிசை, தோர்கில். இனிமே மிச்சம்ங்கிற பேச்சே இல்ல!"

அடுத்த வியாழனன்று அந்த மூன்றும் சாமான் அறையில் கிடந்தன.

"கால் ஆடுது," என்றார் தோர்கில்.

"புத்தம் புதுசுங்க அது!"

"ஆடுதுன்னா ஆடுது."

அன்று வரிசைகள் பழையபடி ஐந்தைந்தாக இருந்தன. நான் போவதற்குள் முதல் பாட்டு தொடங்கிவிட்டது. எல்லா இடமும் நிறைந்து, அவர் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதில் உட்காரப் போனேன். அவர் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"ஆள் இருக்கு," என்றார்.

காபி வரும்வரை நான் நின்றுகொண்டே பாடினேன்.