ஈரலுக்குப் போன ஆர்டர்

போன செவ்வாய்க்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினேன்.  

மகள் ஷாலினிக்குப் பதினேழு வயது. ஏ.எல். உயர்தர வகுப்பில் பயோ படிக்கிறாள். வயிற்றின் வலப்பக்கம் கனக்கிறது என்றாள். எங்கள் ஊர் றக்வானையிலிருந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். அந்த மலை வளைவுகளில் வாந்தி வந்தது எனக்குத்தான். அவள் ஜன்னலோரம் நோட்ஸ் படித்துக்கொண்டு வந்தாள்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார் – ஈரலில் கொழுப்பு.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க வீட்டுல எண்ணெயே இல்லைங்க டொக்டர். எனக்குக் கொலஸ்ட்ரோல்னு சொன்னதிலருந்து ரொட்டியக்கூட வெறுங்கல்லுலதான் சுடுறேன்."

டொக்டர் சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகக் கோத்தார். "அது சரி அம்மா. பிள்ளை என்ன குடிக்கிறது?"

"பிளேன்டீதாங்க. பால்கூட ஊத்துறதில்ல."

"சும்மா பிளேன்டீ?"

நான் வாயைத் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "கருப்பட்டியோட டொக்டர். ஒரு நாளைக்கு ஏழு தடவ. அம்மாவே மேசைக்குக் கொண்டாந்து வைப்பாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? கோப்பையில் கசக்கக் கசக்கச் சாயம், உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. கருப்பட்டி தீர்ந்து தேநீர் மிஞ்சினால் இன்னொரு துண்டு. தேநீர் தீர்ந்து கருப்பட்டி மிஞ்சினால்... இன்னொரு கோப்பை! படிக்கிற பிள்ளை களைத்துவிடக் கூடாதே என்று துண்டைக் கொஞ்சம் பெரிதாகவே உடைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மகளிடமே கேட்டேன். எண்ணெய் வராத வீட்டில் கொழுப்பு எப்படி வந்தது?

"இனிப்பு ரத்தத்துல ஏறினா கணையம் இன்சுலின அனுப்பும்மா. அது ஈரல் செல்லோட வாசல்ல நின்னு தட்டும். உள்ள இருக்கவங்க அந்தச் செய்திய ஒருத்தருக்கொருத்தர் கடத்துவாங்க. தேயிலத் தோட்டத்துல தொர கணக்கப்புள்ளகிட்ட சொல்லி, அவரு கங்காணிகிட்ட சொல்ற மாதிரி."

"கடைசியில என்ன ஆர்டர் போகும்?"

"'சீனி நெறைய வந்திருக்கு, கொழுப்பாக்கி வைங்க'ன்னு. ஃபெக்டரி ஓட ஆரம்பிச்சிரும்."

"நிறுத்த ஆளே இல்லையாடி?"

"இருக்கே. நல்லா நடந்தா சக்தி செலவாகும். அப்ப வேற செய்தி போகும் – 'கொழுப்பு ஆக்குனது போதும்'னு. நீங்கதான் என்னைய நடக்கவே விடுறதில்லையே!"

பின் சீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. களைப்பாள் என்று ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும் த்ரீவீல் பிடித்துக் கொடுத்தவள் நான்தானே?

எண்ணெய்ப் போத்தலை வாசலில் மறித்துக் காவல் இருந்தேன். பின்வாசலால் ஃபெக்டரிக்குக் கொழுந்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்பாகத்தான் கொடுத்தேன். ஆனால் ஈரலுக்கு அன்பு எங்கே தெரிகிறது? அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆர்டர் மட்டும்தான்.

இப்போதே தெரிந்ததால் குறைத்துவிடலாம் என்றார் டொக்டர். மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். 

நேற்று டியூஷனுக்கு இருவரும் நடந்தே போனோம். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நான் மதகில் உட்கார்ந்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, த்ரீவீல் கூப்பிடவா?"

வேண்டாம் என்று எழுந்தேன். அத்தனை நாள் கருப்பட்டி உடைத்தேனே – சிதறிய தூளையெல்லாம் யார் வாயில் போட்டுக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்?