ஒன்பதாவது கை

நாகலெட்சுமி அக்கா எங்கள் பிரதேச சபைக்கு உறுப்பினராக வந்தது வீடு கிடைக்கும் என்று நம்பித்தான். தேர்தலுக்கு முன்னால் கட்சிக்காரர் சிவகரன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து அடையாள அட்டைப் பிரதி கேட்டிருக்கிறார். லயத்தில் யாராவது அடையாள அட்டைப் பிரதி கேட்டால் அது வீட்டுத் திட்டத்துக்குத்தான். முப்பது வருடமாக அப்படித்தான் வாங்கிப் போகிறார்கள், வீடுதான் வந்தபாடில்லை. அக்கா இரண்டு பிரதி கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார். கட்சியின் பெண்கள் பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருந்தது, அதை நிரப்பிக்கொண்டார்கள். இப்படி ஆள் பிடிப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. எல்புரூக் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் பதினேழு வயதில் கொழுந்துக்கூடை தூக்கியவர். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அக்கா எட்டாம் வகுப்புவரை படித்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார். சிங்களம் கடைவீதியில் விலை கேட்கவும் பஸ்ஸை நிறுத்தவும் போதும், அதற்கு மேல் ஓடாது.

எங்கள் சபையிலோ எல்லாம் சிங்களத்தில்தான். மொழிபெயர்ப்பாளர் பதவி ஆறு வருடமாகக் காலி. சபையின் நூலகத்தில் உதவியாளராக இருக்கும் எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்ற குற்றத்துக்காக அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சி நிரலைத் தமிழில் எழுதித் தர வேண்டும். கூட்டம் நடக்கும்போது சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது கேட்டால் வாயால் சொல்ல வேண்டும்.

அக்கா கேட்டதே இல்லை. கேட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடும் என்ற கூச்சம். பின்வரிசையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், யாராவது உட்காருங்கள் என்று சொன்னால்தான் உட்காருவார். உட்கார்ந்த பிறகும் அடங்காது. கால் ஆடும், விரல்கள் மேசை விரிப்பின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது கூட்டத்தில் அந்த விரிப்பின் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது.

ஓகஸ்ட் கூட்டத்துக்கு நாலு விடயங்கள் இருந்தன. நாலையும் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்தாவது அன்று காலை ஒன்பதே காலுக்குச் செயலாளர் வழியாக ஒரே ஒரு தாளாக என் மேசைக்கு வந்தது. கூட்டம் பத்து மணிக்கு. "சின்ன விஷயம்தான், அவசரமில்லை" என்று சபைத் தலைவரான தவிசாளர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கும் எரிச்சல். இதற்கென்று தனிச் சம்பளமா தருகிறார்கள்? தாளின் தலைப்பில் நில அளவைப் படத்தின் எண்ணைப் பார்த்ததும் கொட்டாவி வந்தது. மடித்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டு நூலகத்தைக் கூட்டினேன். உட்கார்ந்திருந்தால் எழுதி முடித்திருப்பேன். எழுதவில்லை.

கூட்டத்தில் அந்த ஐந்தாவது விடயத்துக்கு, நில அளவைப் படத்தின் எண்ணை மட்டும் சொல்லிச் சிங்களத்தில் சத்தம் போட்டார்கள். முடிவு வராமல் வாக்கெடுப்புக்குப் போனது. செயலாளர் எழுந்து, பெயரைக் கூப்பிடும்போது ஆதரிப்பவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அவர் நேரான மனிதர், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. பதினேழு பெயர்களில் பதினாறைக் கூப்பிட்டு முடித்தபோது எட்டுக் கை உயர்ந்திருந்தது, எட்டுப் பேர் பேசாமல் இருந்தார்கள். கடைசிப் பெயர் நாகலெட்சுமி. அக்காவின் கை விறைப்பாக மேலே போனது. தீர்மானம் நிறைவேறியது என்று தவிசாளர் மேசையைத் தட்டினார்.

நான் அக்காவைத்தான் கோபித்துக்கொண்டேன். தன் கட்சி ஆட்கள் எதிர்க்கும்போது இந்த அம்மா அந்தப் பக்கம் கை தூக்குகிறாரே, எதையாவது வாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். மனிதர்களைப் பற்றிக் கெட்டதாக நினைக்க எனக்கு நேரமே எடுப்பதில்லை.

கூட்டம் முடிந்து அக்கா நூலகத்துக்கு வந்தார். வாசலில் நின்று கேட்டார்.

"மிஸ், எனக்கு இன்னைக்குப் பேர் விழுந்திருச்சுங்களா?"

"என்ன பேர் அக்கா?"

"கடைசியா பேர் கூப்பிட்டாங்கல்ல. பாதிப் பேரு கை தூக்கவே இல்ல. ஆம்பளைங்க, அவங்கள யாரு கேக்கப் போறா. நம்ம தூக்காம இருந்தா பேர வெட்டிருவாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். கை தூக்கினால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகப் பெயர் விழும், இல்லாவிட்டால் அந்த நாள் போச்சு. முப்பது வருடம் தூக்கிய கை அது. யாரோ பெயரைக் கூப்பிட்டார்கள், தூக்கிவிட்டது.

இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். அப்போதுதான் நானே அதை முழுதாக வாசித்தேன். பட்டணத்துக் குப்பையைக் கொட்ட எல்புரூக் மேல் டிவிசனில், தார் ரோட்டுக்கு மேலே, ஓடைக்குக் கிழக்கே உள்ள நிலத்தைத் தோட்ட நிர்வாகம் விட்டுத்தர ஒப்புக்கொண்டிருந்தது. தமிழில் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் வெளுத்தது.

"பழைய மாட்டுப்பட்டி மிஸ் அது. அதுக்கு நேர் கீழதான் எங்க பீலி. நாப்பத்திரண்டு குடும்பம் குடிக்கிற தண்ணி."

யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கூட்டம்வரை ஒரு மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. செய்தி லயத்துக்கு அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழி விட்டார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பக்கத்துக் காம்பரா ராசம்மா மட்டும் வாய் திறந்து, "மெம்பர் ஊட்டுக்கு இனிமே போத்தல் தண்ணி வரும் போல" என்று சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா அழுதார். நாள் விட்டு நாள் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு பஸ் ஏறி நூலகத்துக்கு வந்துவிடுவார். உட்காரமாட்டார். புத்தக அலுமாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டே, "இத மாத்த வழி இருக்கா மிஸ்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்.

வழி ஒன்று இருந்தது. அடுத்த கூட்டத்தில் முதல் வேலை போன மாதக் கூட்டறிக்கையை வாசித்து உறுதிப்படுத்துவது. அதில் பிழை இருக்கிறது என்று உறுப்பினர் சொல்லலாம், பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் திருத்தலாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், தானும் சபை உறுப்பினராகியிருந்த சிவகரன். ஒரு நாள் நூலகத்துக்கே வந்து, என் எதிரிலேயே அக்காவுக்குப் பாடம் நடத்தினார்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாங்க்கா. நான் கை தூக்கல, செயலாளர் தப்பா எழுதிட்டாருன்னு ஒரே வார்த்த. நம்ம எட்டுப் பேரும் ஆமான்னு சொல்லுவோம். ஒங்களோட ஒம்போது. தீர்மானம் அடிபட்டுப் போயிரும்."

"செயலாளர் மாத்தயாவுக்கு என்ன ஆகும்?"

"விசாரணைன்னு ஒண்ணு வைப்பாங்க. பென்சன் கொஞ்சம் இழுபடும். அதப் பார்த்தா முடியுமா? தண்ணி வேணுமா வேணாமா?"

அக்காவுக்குத் தண்ணி வேணும்தான். பொய் சொன்னால் பீலி பிழைக்கும், உண்மையைச் சொன்னால் பீலியும் போய் மானமும் போகும். சிவகரன் போன பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசினால் அந்தத் தாள் காலையிலேயே என்னிடம் வந்த கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். பயமாக இருந்தது.

செப்டெம்பர் கூட்டத்துக்கு அக்கா ஒரு மணி நேரம் முந்தியே வந்து மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கூட்டறிக்கையை வாசித்து முடித்ததும், திருத்தம் உண்டா என்று தவிசாளர் கேட்டார். சிவகரன் திரும்பிக் கண்ணைக் காட்டினார். அக்கா எழுந்தார். நானும் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் கை தூக்குனேங்க" என்றார் அக்கா. "செயலாளர் மாத்தயா சரியாத்தான் எழுதியிருக்காரு. எங்க தோட்டத்துல பெரட்டுல பேர் கூப்பிட்டா கை தூக்கணும். நான் அதுன்னு நெனச்சுத் தூக்கிட்டேன். குப்பைன்னு எனக்குத் தெரியாது. அந்த எடத்துக்குக் கீழ எங்க ஜனங்க தண்ணி குடிக்கிறாங்க. எனக்கு சிங்களம் தெரியாது, அத சொல்ல வெக்கப்பட்டேன். இப்ப சொல்லிட்டேன்."

நான் சிங்களத்தில் சொன்னேன். பெரட்டு என்ற இடத்தில் சிரிப்பு வெடித்தது. எங்கள் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள், அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. சிவகரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தவிசாளர் சந்தோஷமாக, "அப்படியானால் கூட்டறிக்கையில் பிழையில்லை என்று உறுப்பினரே சொல்கிறார்" என்று அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தார்.

செயலாளர் எழுந்தார். சிரிப்பு ஓயும்வரை நின்றார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சிங்களத்தில் பேசினார். தமிழ் உறுப்பினர்களுக்குத் தமிழ்ப் பிரதி கொடுக்காமல் ஒரு விடயத்தை வாக்கெடுப்புக்கு விட்டிருக்கக் கூடாது, அந்த முடிவு செல்லாது, பிரதி கொடுத்து மறுபடி முன்வைக்க வேண்டும், இதை இன்றைய அறிக்கையில் பதிய வேண்டும் என்றார். கடைசியாக என் பக்கம் திரும்பினார், அக்காவுக்குத் தமிழில் சொல் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கடைசி வாக்கியத்தையும் சொன்னேன்.

"தவறு என்னுடையது" என்று என் வாயால், எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒருவர் விடாமல் செயலாளரைத்தான் பார்த்தார்கள்.

விவகாரம் மேலிடத்துக்குப் போனால் தன் தலையும் உருளும் என்று தவிசாளருக்குத் தெரியும். ஒத்துக்கொண்டார். ஒக்டோபரில் தமிழ்ப் பிரதியோடு விடயம் திரும்ப வந்தது. இந்த முறை ஒரு நாள் முந்தியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்பது பேர் எதிர்த்தார்கள், மாட்டுப்பட்டி தப்பியது. பீலியில் ராசம்மா அக்காவின் குடத்தைத் தானே பிடித்து நிரப்பிக் கொடுத்தாளாம்.

ஆனால் செயலாளர் எழுதிப் பதிந்த வார்த்தை சும்மா கிடக்கவில்லை. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை ஓய்வூதியக் கோப்பு நகராது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எப்படியோ அது அக்காவின் காதுக்கும் போய்விட்டது. மறுநாளே அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார், மூச்சு வாங்க.

"அவர மாட்டி விடக்கூடாதுன்னுதான மிஸ் நான் உண்மையச் சொன்னேன். இப்ப அவரே மாட்டிக்கிட்டாரே."

"அவராத்தான் சொன்னார் அக்கா."

"அந்தத் தாளத் தமிழ்ல எழுதுறது யாரு வேலைங்க? அவரு வேலையா?"

மறைத்துக் கேட்கத் தெரியாத மனுஷி. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"என் வேலைதான் அக்கா. காலையிலேயே எங்கிட்ட வந்துச்சு. நான்தான் எழுதல."

திட்டுவார் என்று நின்றேன். நாற்பத்திரண்டு குடும்பமும் ஒரு மாதம் முகம் திருப்பிக்கொண்டது என் சோம்பலால்தானே. சிங்கள மனிதர் ஒருவர் என் பெயரைச் சொல்லாமல் விட்டதையும், நான் அதற்குள் ஒளிந்துகொண்டதையும் அக்கா கணக்குப் போடுவது தெரிந்தது.

"சொன்னா ஒங்களுக்கு வேல போயிருமா?"

"போகாது. எச்சரிச்சு ஒரு கடிதம் தருவாங்க. சம்பள உயர்வு நிக்கலாம்."

"அவருக்கு?"

"பென்சன்."

"அப்ப எந்திரிச்சு சொல்லிருங்க மிஸ்" என்றார். "ஒரு நிமிசந்தான் சிரிப்பாங்க. அப்புறம் நிறுத்திருவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து நடந்ததை எழுதினேன். இரண்டு மொழியிலும் எழுதினேன், நேரத்தையும் குறிப்பிட்டேன், ஒன்பதே கால் என்று. வியாழக்கிழமை நுவரெலியாவுக்குப் போய், விளக்கம் கேட்டிருந்த உதவி ஆணையாளரின் கந்தோரில் அதைக் கையில் கொடுத்தேன். அங்கிருந்த எழுதுவினைஞர் வாசித்துப் பார்த்துவிட்டு, யாருக்காக இதை எழுதிக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்காக என்றேன்.