தூணுக்குப் பின்னால்

சிங்கப்பூரில் வேலை முடித்து, ஜொகூர் பாலத்து நெரிசலில் நின்று நின்று, நேராக பெர்மாஸ் ஜெயா வேதக்கோயிலுக்கு மாலைப் பூசைக்கு வந்து உட்கார்ந்தேன். மெழுகுவத்திப் புகை மூக்கில் ஏறியதும், பெக்கோக் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் நினைவுக்கு வந்துவிட்டது.

பிரான்சிலிருந்து வந்த ஒரு சாமியார் தன் ஊர்க் கோயிலைப் போலவே கட்டியது அது. பனி வழிந்து விழுவதற்குச் செங்குத்தான கூரை, குளிர் புகாமலிருக்கச் சின்னச் சின்ன சன்னல்கள். உள்ளே வெந்து போவோம். கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நின்ற தூண்கள் மட்டும் சில்லென்றிருக்கும்.

வாரமெல்லாம் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய அம்மா, ஞாயிறன்று முந்திப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடிப்பாள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை எங்கள் சாமியார் பெயர் சொல்லி எழுப்புவார்.

“இங்க இருந்தா சாமியாரே தெரியலம்மா,” என்றேன் ஒருநாள்.

“அவருக்கும் நம்மளத் தெரியாதுலா,” என்றபடி தூணில் தலையைச் சாய்த்தாள்.

இந்தப் புதுக் கோயிலில் தூணே கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் பீடம் தெரியும் என்று அறிவித்தபோது நானும் கை தட்டினேன். இப்போது கண் சொக்குகிறது. சாமியார் என்னையே பார்க்கிறார்.