தண்ணி குடிக்கிற இடம்

1. விரிசல்

மலைமேல் திண்ணனூர் நாட்டில், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குடியிருக்க எங்கள் மராமத்து இலாகா கட்டிய வீட்டுக்குச் சாவி கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழை நான்கு நாள் அடித்து ஓய்ந்ததும் கம்பவுண்டர் ஆள் விட்டார்: "சுவர் பிளக்கிறது, உடனே வரவும்."

விழுந்தடித்துக்கொண்டு மலையேறினேன். தென்மேற்கு மூலையில், வெளிச்சுவரில், ஜன்னல் அடியிலிருந்து பேஸ்மென்ட் வரை, செங்கல் இணைப்பு வழியாகவே படிப்படியாக இறங்கியிருந்தது விரிசல். கீழ்முனையில் என் சுண்டுவிரல் நுழைந்தது. பூச்சு இல்லாமல் செங்கல் இடுக்குகளில் மட்டும் சாந்து அடைத்துப் பாயிண்டிங் செய்த சுவர், மறைக்கவும் வழியில்லை.

இரண்டாம் நாள் இன்ஜினியரே வந்துவிட்டார். மலைக்கு அப்போது ரோடு ஏது? அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து நடந்து ஏறிய மூச்சிரைப்பும் கோபமுமாக வந்தவர், நேரே ராமசாமி மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார். ராமசாமி துறையூர்ப் பக்கத்துக்காரர். அவர் எழுப்பிய சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அப்படிப்பட்ட வேலைக்காரர்.

"சுண்ணாம்பைத் தின்னுட்டு மணலைக் கொட்டியிருக்கே! உன்னை பிளாக்லிஸ்ட் பண்றேன் பார். இந்த ஜில்லாவுல எவன் உன்னைக் கரணை பிடிக்க விடுறான்னு பார்க்கலாம்."

"சுண்ணாம்புல கை வெச்சதில்லீங்க எசமான். கொத்திப் பாருங்க."

கொத்திப் பார்த்தார்கள். செங்கல்தான் உடைந்தது, சாந்து உடையவில்லை. அதற்கும் இன்ஜினியர் அடங்கவில்லை. "அப்போ செவுரு ஏன்யா வெடிச்சுது? சொல்லு!" என்று அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். மேஸ்திரி தலை குனிந்து நின்றார். அவருடைய பிழைப்பே போகப்போகிறது. பக்கத்தில் சப்-ஓவர்சியராகிய நான் மரம் மாதிரி நின்றேன்.

2. பங்குனியில் நடந்தது

அந்த வீட்டுக்கு அஸ்திவாரக் கடக்கால் தோண்டியது பங்குனி வெயிலில். பிளான்படி நாலடி ஆழம். வடக்குப் பக்கம் மூன்றடியிலேயே பாறை வந்துவிட்டது. தென்மேற்கு மூலையில் பாறை வரவில்லை. ஆனால் இரண்டரை அடியில் மண் இறுகிக் கிடந்தது, கடப்பாரை போட்டால் 'ணங்'கென்று திரும்பி வந்தது.

"இன்னும் ஒரு ரெண்டடி எறக்கிப் பார்த்துப் போடலாமுங்க" என்றார் மேஸ்திரி.

"இதுக்கு மேல என்னய்யா வேணும்? இரும்பு மாதிரி இருக்கு. கல்லைப் போடு" என்றேன் நான். வேலை அளவு எழுதும் எம்.புக்கில் 'கெட்டி மண் கண்டு நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். டிப்ளமா வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தலைக்கனம் கொஞ்சமா நஞ்சமா!

செங்கல் சுமக்க வந்தவர்களில் வெள்ளையம்மா என்று ஒரு மலைக்காரப் பெண். பக்கத்துச் சரிவில்தான் அவளுக்குச் சாமைக் காடு. சுமையை இறக்கிவிட்டு அந்தக் குழியை எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "ஏனுங்க, இது தண்ணி குடிக்கிற எடமுங்களே."

மாடு தண்ணீர் குடிக்க வரும் இடம் என்று நான் எடுத்துக்கொண்டேன். "மாட்டை இனிமே வேற பக்கம் ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லு" என்று உத்தரவு போட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரீங்க" என்று சும்மாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

3. குடித்தது யார்

இன்ஜினியர் கத்திக்கொண்டிருந்த சத்தம் கேட்டு அதே வெள்ளையம்மா காட்டிலிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"மேஸ்திரி மேல தப்பில்லீங்க. அன்னைக்கே சொன்னனுங்க, தண்ணி குடிக்கிற எடமுன்னு."

"மாடு தண்ணி குடிச்சா செவுரு வெடிக்குமா?" என்று சீறினார் இன்ஜினியர்.

"மாடு எங்கீங்க வந்துது? குடிக்கிறது மண்ணுங்க! மழைக்குக் குடிச்சு வீங்கும், கோடையில காஞ்சு வெடிக்கும். நாங்க அதும்மேல சாமை கொட்டி வெக்கிற குருதாழிகூட வெக்க மாட்டோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. கடப்பாரையை வாங்கி மூலையோரம் தோண்டினாள். பங்குனியில் இரும்பாக இருந்த அதே மண், இப்போது பிசைந்த மாவாக வந்தது. ஒரு கைப்பிடி எடுத்து உருட்டி இன்ஜினியர் உள்ளங்கையிலேயே வைத்தாள். அடேயப்பா, அந்தத் தைரியம்! கோட்டு போட்ட மனுஷர் முன்னால் நாங்களெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தபோது, கூலிக்குச் செங்கல் சுமந்தவள் ஒருத்திதான் நிமிர்ந்து பேசினாள். பாதி வீடு பாறை மேல், பாதி களிமண் மேல். களி வீங்கி மூலையைத் தூக்கிவிட்டது. காலேஜில் படித்த பாடம்தான். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

இன்ஜினியர் களிமண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். "கடக்காலை பாஸ் பண்ணினது யாரு?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. 'ரெண்டடி எறக்கலாமுன்னு நான் சொன்னேனுங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான்தான் சார். மேஸ்திரி இன்னும் ஆழமாப் போகச் சொன்னார், நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

பிளாக்லிஸ்ட் பேச்சு அதோடு நின்றது. என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் கண்டனமாக ஒரு வரி ஏறியது, அது நியாயம்தான். வெள்ளையம்மா காட்டிய தடத்தில் வீட்டுக்கு மேற்புறம் வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பினோம். மண் காய்ந்த பிறகு, மூலையடியில் இரண்டிரண்டு அடி நீளமாகத் தோண்டி, பாறை வரைக்கும் கல் கட்டிக்கொண்டு போனார் ராமசாமி. மேலே சுவர் ஒரு நூல் அசையவில்லை. அப்படி ஒரு கை! விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அடுத்த ஐப்பசியிலும் ஒன்றுகூட உடையவில்லை.

வேலை முடிந்த அன்று கேட்டேன்: "ஏன் மேஸ்திரி, அத்தனை திட்டு வாங்கியும் என்னைச் சொல்லலையே?"

"நான் சொன்னா அது சாக்குங்க. நீங்க சொன்னாத்தானுங்க சாட்சி" என்றார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மண்ணைத் தப்பாகக் கணித்தது பெரிய குற்றமில்லை, யாருக்கும் நேரும். அந்த அரை மணி நேரம் எனக்கு விழவேண்டிய திட்டை இன்னொருவர் வாங்க, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதற்குத்தான் இன்றைக்கும் கூசுகிறது. கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.