பூட்டனுக்குத் திதி

எங்கள் பூட்டனுக்குத் திதி கிடையாது. இறந்தது தெரியும், இறந்த நாள் தெரியாது. ஆகவே ஆடி அமாவாசையன்று மற்றவர்களுக்கு இறைக்கும் எள்ளிலும் தண்ணீரிலும் அவருக்கும் ஒரு பங்கு. பெற்ற தகப்பனைக் கூட்டத்தோடு கோவிந்தா போட வைத்துவிட்டார்களே என்று தாத்தாவுக்கு மனம் ஆறவே இல்லை.

பூட்டன் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி. ஊரில் இருந்த அவர் மனைவி, கைக்குழந்தையான தாத்தாவைத் தூக்கிக்கொண்டு, தன் அண்ணன் வேலை செய்த, இலங்கையின் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ஜப்பான்காரன் ஒழுங்கு தெரிஞ்சவன். எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பான்" என்பார் தாத்தா. எதிரியின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயதானபோது, எங்கள் தோட்டப் பள்ளிக்கு நூலகம் கட்டிக் கொடுத்த ஜப்பானியக் கிழவர் ஒருவர் திறப்பு விழாவுக்கு வந்தார். மாலை போடும் வேலை எனக்கு. தாத்தா வரவில்லை. நான் மாலையைப் போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்காமல் நின்று, பூட்டன் பெயரைச் சொல்லி, அவர் செத்த நாள் என்ன என்று கேட்டேன். டீச்சருக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, பக்கத்து ஊரான எல்லவிலிருந்து கூட வந்த சுற்றுலா வழிகாட்டி ஜப்பானிய மொழியில் சொன்னார். கிழவர் என் முன் குனிந்து வணங்கிவிட்டுப் பேசினார். பதிலும் அதே வழியாகத் திரும்பி வந்தது.

"கூலியாளுங்க செத்த நாளை யாரும் எழுதி வைக்கலையாம். மன்னிச்சுக்கச் சொல்றாரு. யுத்தம் முடிஞ்ச நாள்லதான் அவங்க நாட்டுல செத்தவங்களுக்குக் கும்புடுவாங்களாம். ஒங்க பூட்டனுக்கும் அன்னைக்கே கும்புடுறேங்கிறாரு" என்றார் டீச்சர்.

நாள் கிடைத்துவிட்டது என்று எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடினேன். தாத்தா ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார்.

"புடிச்சிட்டுப் போனவனுக்கும் போய்ச் செத்தவனுக்கும் ஒரே நாளா?" என்றார். பிறகு, "எழுதவே இல்லைன்னா சொன்னாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு முறையும் அதையே கேட்டார்.

மேடையில் நின்று கேட்டு வந்த நாள் அவருக்குப் பிடிக்கவில்லையே என்று எனக்குக் கோபம். எங்கோ ஓர் ஏட்டில் தன் அப்பாவின் பெயர் இருக்கிறது என்று அவர் அறுபது வருடம் நம்பியிருந்ததும், அந்த நம்பிக்கையை நான்தான் பிடுங்கிவிட்டேன் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.