முந்நூற்று இரண்டு

ஐந்தாவது திருகாணியும் கழன்று தேநீர்த் தட்டில் விழுந்தது. ஸ்டானிஸ்லாஸ் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். வீம்பு பண்ணாமல் வந்துவிட்டது. பூட்டிய பெட்டி இவ்வளவு சுலபமாக எப்படித் திறந்தது என்று அந்த இடத்தில் யோசித்திருந்தால் பத்து மணிக்கே வேலை முடிந்திருக்கும். யோசிப்பது அவர் வழக்கம் இல்லை.

ஜெலாப்பாங் சிலிப்பர் செருப்புத் தொழிற்சாலையின் சரக்கறை அலுவலகம் அது. காலையில் விசையைப் போட்டதும் விசிறி சுற்றியது. பெட்டி இரண்டு தடவை கூவியது. திரையில் 302 என்று ஓர் எண் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. நாளிதழ் படிக்கிற எவருக்கும் இந்த நாட்டில் அந்த எண் தெரியும். கொலைக் குற்றத்தின் சட்டப் பிரிவு. தண்டனை தூக்கு.

"யாரக் கொன்னீங்கண்ணே?" என்றாள் எதிர் மேசையில் வருகைப் பதிவு எழுதும் நல்லம்மாள்.

"ஒன்னத்தான் கொல்லப் போறேன். பேசாம இரு லா."

பேச்சுக்குத்தான் கொலை. உண்மையில் தலை போகிற நிலையில் இருந்தவர் அவர்தான். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவரை மூன்று மாதச் சோதனையில் இந்த நாற்காலியில் உட்காரவைத்திருந்தார் முதலாளி தவுக்கே. மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. தைப்பிங் போயிருக்கும் தவுக்கே மூன்று மணிக்குத் திரும்பி வந்து சரக்குப் பட்டியலைப் பார்ப்பார். பட்டியல் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மறுபடி லாரி. கோயிலில் எல்லாரிடமும் "எங்க வீட்டுக்காரரு கம்பியூட்டர்ல இருக்காரு" என்று மனைவி ஐவி சொல்லி முடித்திருந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து இறங்கிவிட்டார் என்று அவளை எப்படிச் சொல்லச் சொல்வது?

அவருடைய படிப்பு ஈப்போவில் ஆறு வார மாலை வகுப்பு. பதினாறு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்டானிஸ்லாஸ் அதை நன்றாகப் பார்த்திருந்தார். தொட்டது இரண்டு முறை. சான்றிதழ் வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே சட்டம் போட்டுத் தொங்கியது.

பெட்டியோடு வந்த புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எந்த எண்ணுக்கு என்ன கோளாறு என்று அதில் போட்டிருக்கும். ஆனால் சான்றிதழ் வாங்கியவர் புத்தகம் புரட்டுவதை நல்லம்மாள் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிடும். எனவே நினைவிலிருந்தே வைத்தியம் தொடங்கினார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவற்றின் செம்பு விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்தார். செமோர் தோட்டத்தில் அப்பா முப்பது வருடம் ரப்பர் மரம் சீவினார். மகன் படித்து முன்னேறி ரப்பரால் தேய்க்கிறார். சில்லுகளைக் கட்டைவிரலால் அழுத்தினார். கம்பிகளை எடுத்து மாட்டினார். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். நல்லம்மாள் காலையில் கொடுத்த முறுக்கின் தூள் விழுந்தது.

302.

இரண்டேகால் ஆகிவிட்டது. சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்து, ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டார். கழுத்துக் கயிற்றில் பதக்கத்தோடு ஏதோ மோதிக் கிணுகிணுத்தது.

"அது என்னண்ணே, அந்தோணியாரோட சாவியும் தொங்குது?"

"பெட்டிச் சாவி. வெள்ளிக்கெழம பூட்டிட்டுத்தான் புக்கிட் மெர்த்தாஜாம் திருவிழாவுக்குப் போனேன். நீ சும்மா இருப்பியா, எதையாச்சும் தட்டி வைப்ப."

"வந்து தொறந்தீங்களா?"

"அது மூடிக்குப் போடுற பூட்டு, நல்லம்மா. ஒனக்கு வெளங்காது."

நல்லம்மாள் பேனாவை வைத்தாள். "மூடிதான் நாலு மணி நேரமா மேசையில கெடக்கே, அண்ணே."

ஸ்டானிஸ்லாஸ் மூடியைப் பார்த்தார். பெட்டியின் முகப்பில் இருந்த பூட்டைப் பார்த்தார். பூட்டின் பின்பக்கத்திலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் உள்ளே போயின. காலையிலிருந்து அவற்றை மூன்று முறை கழற்றித் துடைத்து, மிகக் கவனமாகத் திரும்ப மாட்டியிருந்தார். கயிற்றைத் தலைவழியே கழற்றிச் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பி, விசையைப் போட்டார். ஒரே ஒரு கூவல். பட்டியல் வந்தது. அது மூடிக்கான பூட்டு இல்லை, விசைப்பலகைக்கானது; 302 அதைத்தான் சொன்னது. விசைப்பலகையைப் பூட்டிவிட்டுப் பெட்டியை எழுப்பப் பார்த்திருக்கிறார். காணாமற்போனதைத் தேடிக்கொடுக்கும் புனிதர் அந்தோணியார் காலையிலிருந்து அவர் நெஞ்சிலேயே இடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூடியைத் திரும்ப மாட்ட எடுத்தபோது தவுக்கே உள்ளே வந்தார். அரை மணி முன்னதாக.

"மானா ரோசாக்?" எது கெட்டுப் போச்சு என்றார்.

மேசை முழுக்கக் கம்பியும் திருகாணியும். மின்சாரக் கோளாறு என்று சொல்லலாம், தவுக்கே நம்புவார். நல்லம்மாள் குனிந்து எழுதத் தொடங்கியிருந்தாள். அவள்கூடக் காட்டிக்கொடுக்க மாட்டாள்போல. ஆனால் பூட்டில் சாவி இருந்தது. சாவியில் கயிறு. கயிற்றில் அந்தோணியார் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"சாயா ரோசாக், தவுக்கே," என்றார் ஸ்டானிஸ்லாஸ். நான்தான் கெட்டுப்போனேன்.

தவுக்கே பூட்டைப் பார்த்தார். புத்தகத்தை அவர் வாங்கிய அன்றே படித்திருந்தார். திரையில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு தன் அறைக்குப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஸ்டானிஸ்லாஸ் ஏழே முக்காலுக்கு வந்தார். சாவியைத் திருப்பி விசையைப் போட்டார். பட்டியல் வந்தது. பத்து மணிக்குக் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம் என்று இருந்தது. சாவி இனி நல்லம்மாளிடம் இருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். மதியம் மழை. இரண்டு லாரிகள் கிளம்பின. தேநீர்த் தட்டில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அதை இழுப்பறையில் போட்டார்.