ஓடாத பஸ்ஸில் இலவசப் பயணம்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த நான், ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் மகளும் இருந்தார்கள். அக்காவுக்குக் கணவர் இல்லை. மகள் ஸ்ரீபெரும்புதூரில் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படித்தாள்.

ஊருக்குக் காலையில் ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தபோது எல்லாருக்கும் மகிழ்ச்சி. கொஞ்ச நாளில் பஸ்ஸே வரவில்லை. டிப்போவில் கேட்டால், நஷ்டமான ரூட் என்றார்கள். ஏறியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பெண்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களும்தான். அவர்களிடம் காசு வாங்காதே என்றதும் அரசாங்கம், அவர்களால் வருமானமில்லை என்று பஸ்ஸை நிறுத்தியதும் அரசாங்கம். இலவசத்தை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. ஓடாத பஸ்ஸில் பெண்கள் தாராளமாகப் போகலாம்.

எங்கள் கம்பெனி பஸ் ஒருநாளும் தவறியதில்லை. ஆள் பிந்தினால் உற்பத்தி லைன் நின்றுவிடும் என்று முதலாளிக்குத் தெரியும். பிள்ளைகள் பிந்தினால் என்ன நிற்கும் என்று யோசிக்க அரசாங்கத்தில் ஒரு நாற்காலியும் இல்லை போலும்.

பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கிய ஆட்டோ மண்ணில் சரிந்து கவிழ்ந்தது. அக்கா மகளுக்குக் கை முறிந்தது.

மாலையில் நான், "பிள்ளைக்கு எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன்.

"கட்டு போட்டுக்கினு வந்துட்டோம் தம்பி. கையோட போச்சேன்னு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கினு கீறேன். வேற இன்னா சொல்றது?"

அக்காவும் சில பெண்களும் பஸ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டுபோனார்கள். "பாக்கலாம், போங்க" என்றாராம் தாசில்தார். பார்க்க ஒருவரும் வரவில்லை.

அடுத்த வாரம் காலை ஷிப்டுக்குப் போன எங்கள் பஸ் பெரிய சாலையில் ஊர் முனையருகே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். சாலை நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அக்கா, பக்கத்தில் கைக்கட்டோடு மகள். எங்களுக்குப் பின்னால் கம்பெனி பஸ்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. சூப்பர்வைசர் போனில் கத்தினார். நான் இறங்கிப்போய் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வெயில் ஏறுவதற்குள் ஜீப் வந்தது, போலீஸ் வந்தது, தாசில்தாரே வந்தார். ஒரு பெண்ணின் கை முறிந்ததற்கு வராதவர், ஷிப்ட் பிந்தியதற்கு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். பஸ் விடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் கம்பெனி மேனேஜரைத் தனியே அழைத்துப் பேசி, பிள்ளைகள் போக ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தார்.

வேனை விடுவதற்கு மேடை, பேனர், மைக். கைதட்ட எங்களையும் யூனிபாரத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். தாசில்தார் கொடியசைத்துவிட்டுப் பேசினார்: "எல்லாத்தையும் அரசாங்கமே செய்யணும்னு எதிர்பார்க்கக் கூடாது. தனியாரும் கைகொடுக்கணும்."

எல்லாவற்றையும் யார் கேட்டார்கள்? ஒரு பஸ் கேட்டார்கள். இந்த ஊரில் கம்பெனிகளுக்காக நிலம் எடுக்க வந்தபோது கைகொடுக்க யாரையும் கூப்பிடவில்லை. அப்போது அரசாங்கத்தால் தனியாகவே முடிந்தது.

நன்றி சொல்லும்படி அக்காவிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"கம்பெனிக்கு நன்றி. வண்டி அவங்க குடுத்தாங்க. நீங்க இன்னா சார் குடுத்தீங்கோ? கொடி ஆட்டுனீங்கோ, அவ்ளோதானே?"

தாசில்தார் நல்ல ஜோக் கேட்டவரைப் போலச் சிரித்துக் கைதட்டினார். அவமானப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

மேனேஜர் மாற்றலாகிப் போனதும் வேன் நின்றது. புதிதாக வந்தவர், "பஸ் விடறது எங்க வேலை இல்லம்மா" என்றார். இந்த விவகாரத்தில் நான் கேட்ட ஒரே சரியான வாக்கியம் அதுதான். தாலுகா ஆபீசிலோ, "அது கம்பெனி வண்டி, கம்பெனியைப் போய்க் கேளுங்க" என்றார்கள்.

வேறு வழியில்லாமல் அக்கா தவணையில் ஒரு ஸ்கூட்டி வாங்கினார். அதற்குள் மகளும் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அப்படியும் விடாமல் இன்னொரு மனுவோடு இருவரும் போனார்கள். நானும் கூடப் போனேன். தாசில்தார் ஜன்னல் வழியாக அந்த ஸ்கூட்டியைப் பார்த்தார்.

"அதான் வண்டி வாங்கிட்டீங்களே! இனிமே பஸ் எதுக்கு?"

அக்கா மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மகள் இப்போது அந்த லாரிகளுக்கு நடுவேதான் தினமும் ஓட்டிக்கொண்டு போகிறாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவளிடமிருந்து போன் வந்த பிறகுதான் அக்கா காலைச் சாப்பாட்டில் கை வைக்கிறார்.